லேசர் கடையும் பிளாஸ்டிக் புகையும்

ஊரில் லேசர் கடைகள் பெருகிவிட்டன. ராஜபாளையத்தில் என் மாலை நடைக்குள்ளேயே மூன்று வந்துவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் இரண்டு பார்க்கிறேன். வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை, பள்ளி ஆண்டு விழாவுக்கு நினைவுப் பரிசு, பிறந்தநாள் கேக்கின் மேல் குத்தி வைக்கும் பெயர், சீர்த் தட்டில் வைக்கும் எழுத்து, சாவிக்கொத்து என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். பத்து நிமிட வேலை. விலையும் கைக்கு அடக்கம்.

இந்தத் தொழிலுக்கு நான் எதிரி இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பையன் மில்லையும் பட்டாசு ஆலையையும் விட்டு, நிழலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்துச் சம்பாதிக்க ஒரு வழி வந்திருக்கிறதே என்று சந்தோஷம்தான். என் கட்சி இரண்டே வரி. என்ன தகடு என்று தெரியாமல் அதை லேசரில் வைக்கக் கூடாது. வெட்டும்போது வரும் புகையை வேலை செய்பவன் மூக்கிலும் தெருவில் நடப்பவர் மூக்கிலும் விடக் கூடாது. இன்று இந்த இரண்டையும் கேட்பாரில்லை.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு லேசரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதும், மகள் வாக்கப்பட்ட ஊர் என்பதால் ராஜபாளையத்தில் தங்கிவிட்டவன் என்பதும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1966ல் பௌதிக நோபல் பரிசு அல்ஃப்ரெத் கஸ்த்லேர் என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. லேசர் பிறப்பதற்கு வழி செய்த ஆராய்ச்சி அவருடையது. எங்கள் விஞ்ஞான வாத்தியார் அன்று பாடத்தை மூடிவைத்துவிட்டு, தன் வீட்டுக்கே பரிசு வந்ததுபோல் ஒரு மணி நேரம் பேசினார். அதே வாத்தியார்தான் 'ஷலேர்' வேறு, 'தாம்பெரத்யூர்' வேறு என்று வருஷம் முழுக்க மண்டையில் குட்டியவர். தமிழில் சொன்னால் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஒரு அண்டா வெந்நீரில் வெப்பம் அதிகம். ஒரு தீப்பொறியில் வெப்பநிலை அதிகம். லேசர் கடையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவுவது அந்தக் குட்டுதான்.

முதல் லேசரை 1960 மே மாதம் அமெரிக்காவில் மைமன் என்பவர் இயக்கிக் காட்டினார். நம் தெருக்கடையில் தகடு வெட்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர். அதை 1964ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த குமார் பட்டேல், மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து புனேயில் இஞ்சினியரிங் படித்தவர். நம் நாட்டில் பிறந்த ஒருவரின் மூளையில் உதித்த கருவி நம் சந்துக்குள் வந்திருக்கிறது என்பது பெருமையான விஷயம்.

அந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் மேல் ஓடும் சிவப்புப் புள்ளி, வழிகாட்டுவதற்காகத் தனியாக வைத்த சின்ன விளக்கு. வெட்டும் ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. கண்ணாடிபோல் தெரியும் தகடுகூட நம் கண் பார்க்கும் வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். இந்த ஒளியை அப்படியே விழுங்கிக்கொள்ளும். விழுங்கியது வெப்பமாகிறது. தலைமுடி அகலமே உள்ள ஒரு புள்ளியில் அத்தனை சக்தியும் இறங்குவதால், மொத்த வெப்பம் குறைவாக இருந்தும் அந்த இடத்து வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரிக்கு எகிறுகிறது. அங்கே இருந்த பிளாஸ்டிக் ஆவியாகிப் போய்விடுகிறது. கத்தியால் வெட்டினால் பொருள் இரண்டு பக்கமும் ஒதுங்கும். இங்கே வெட்டுப்பட்ட அகலத்தில் இருந்த பொருள் புகையாகிவிட்டது. அந்தப் புகை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

பால்கோவா கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு மற்றது எளிதாகப் புரியும். தீ எவ்வளவு, கரண்டி எவ்வளவு வேகம் என்ற இரண்டும் கைவசப்பட வேண்டும். கரண்டி நின்றால் அடி பிடிக்கும். லேசரிலும் சக்தி எவ்வளவு, தலை ஓடும் வேகம் எவ்வளவு என்ற இரண்டே கணக்குதான். தலை ஒரே இடத்தில் நின்றால் தகடு தீப்பிடிக்கும். பால்கோவா அடுப்பை விட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போக மாட்டார். லேசர் ஓடும்போது பையனை டீ வாங்கி வர அனுப்பும் முதலாளியை நான் பார்த்திருக்கிறேன். அக்ரிலிக் நன்றாக எரியும் பொருள். 1973 ஆகஸ்டில் பிரிட்டன் பக்கத்து மான் தீவில் சம்மர்லேண்ட் என்ற கேளிக்கைக் கூடம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். அதன் சுவரும் கூரையும் பெரும்பகுதி அக்ரிலிக் தகடுகள்.

இப்போது தகடுகளுக்கு வருவோம். நாம் எல்லாவற்றையும் 'பிளாஸ்டிக்' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். பருப்பு என்றால் துவரம்பருப்பா, கடலைப்பருப்பா என்று கேட்கிறோம். பிளாஸ்டிக்கில் அந்தக் கேள்வி இல்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

அக்ரிலிக் இதில் சாது. நம்மில் பலர் பல் செட் வைத்திருக்கிறோம். அதன் ரோஜா நிற ஈறு அக்ரிலிக்தான். கண்புரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வைத்த லென்ஸும் பல காலம் அதே பொருளில்தான் செய்யப்பட்டது. 1949ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலில் அப்படி ஒரு லென்ஸைக் கண்ணில் பொருத்தினார். போர்விமானத்தின் அக்ரிலிக் கூண்டு உடைந்து விமானிகள் கண்ணில் தைத்த துண்டுகள் கண்ணுக்குத் தொந்தரவு தரவில்லை என்று கவனித்ததுதான் அதற்குத் தூண்டுதல். மதுரையில் 1992ல் தொடங்கிய ஆரோலேப் அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. ஆகவே நான் பிளாஸ்டிக் என்றதும் அலறுகிறவன் இல்லை. குளிர்ந்து கிடக்கும் வரை அது நல்ல பிள்ளை. சுமார் 105 டிகிரியில் இளக ஆரம்பித்து, 300 டிகிரியைத் தாண்டினால் தான் எந்த ரசாயனத்திலிருந்து செய்யப்பட்டதோ அந்த ரசாயனத்தின் ஆவியாகவே திரும்பிப் போய்விடுகிறது. லேசர் கடையில் மூக்கைத் துளைக்கும் அந்தக் காரமான நெடி அதுதான். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். நல்ல காற்றாடியும் குழாயும் இருந்தால் சமாளிக்கலாம்.

இரண்டு நிறத்தில் வரும் எழுத்துத் தகடுகள் பலவும் ஏ.பி.எஸ். என்ற வகை. அதைச் சுட்டால் வரும் புகையில் கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. பாலிகார்பனேட் வெட்டுப்படாமல் பழுப்பாகக் கருகும். தெர்மோகோல் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் மோசம் பி.வி.சி. தண்ணீர்க் குழாய், ஃப்ளெக்ஸ் பேனர், ரெக்ஸின், விளம்பரக்காரர்கள் எடை குறைவு என்று விரும்பும் ஃபோம் ஷீட்டில் ஒரு வகை, எல்லாம் பி.வி.சி.தான். இது எந்த வாயுவிலிருந்து செய்யப்படுகிறதோ அந்த வினைல் குளோரைடை 1835ல் முதலில் தயாரித்தவர் விக்தோர் ரெஞ்ஞோ என்ற பிரெஞ்சு வேதியியலார். பாரிஸ் ஈஃபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. பி.வி.சி.யின் எடையில் 100 கிராமுக்கு 57 கிராம் குளோரின். குழாயாகக் கிடக்கும்போது அந்தக் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. ஈரம் பட்டால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். நாம் கக்கூஸ் கழுவ வாங்குவோமே, அந்த ஆசிட். மூக்கு, தொண்டை, நுரையீரல், எல்லாம் ஈரமான இடங்கள்தானே?

சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் (எந்தக் கடை என்பது வேண்டாம்) பெயர்ப் பலகை செய்யக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொருவர் ஒரு முழம் ரெக்ஸின் கொண்டுவந்து, பைக்கு ஒட்ட எழுத்து வெட்டித் தரச் சொன்னார். பையனுக்கு இருபது வயது இருக்கும். மறுபேச்சு இல்லாமல் மிஷினில் வைத்தான். இரண்டாவது நிமிடம் எனக்குத் தொண்டை கமறியது. புகைக்குழாய் ஜன்னல் வழியாக, ஆள் உயரத்துக்குத் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது என்ன ஷீட்டுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். கொண்டு வர்றத வெட்டிக் குடுக்கணும்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

"இருமல் உண்டா?"

"ராத்திரிதான் சார் வரும். பகல்ல ஒண்ணும் தெரியாது."

"மிஷின் கம்பியெல்லாம் துருவா இருக்கே?"

"ஆமா சார். புது மிஷின்தான். துரு ஏறுதுன்னு மொதலாளி வாரா வாரம் ஆயில் போடச் சொல்லிட்டாரு."

எனக்கு மறக்க முடியாத பதில் அது. புகை இரும்பைத் தின்கிறது என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு வாரா வாரம் எண்ணெய் உண்டு. அதே காற்றை நாள் முழுக்க இழுக்கும் பையனுடைய நுரையீரலுக்கு எண்ணெய் போட முடியுமா? அவனுடைய இருமலுக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. ஆனால் இரும்புக்கு ஆகாதது மனிதனுக்கு ஆகும் என்று வாதிட ஒருவரும் துணிய மாட்டார்கள்.

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய காலத்திலிருந்து நூற்பு இந்த ஊரின் சோறு. பஞ்சுத் தூசியில் பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு வரும் மூச்சுத் திணறலுக்குப் 'பிசினோசிஸ்' என்று பெயர். உலகம் முழுக்கவே அதைப் பல காலம் சாதாரண இருமல், புகைபிடிக்கிற பழக்கம் என்று தள்ளிவிட்டார்கள். பிறகுதான் அது தொழிலால் வரும் நோய் என்று சட்டத்தின் அட்டவணையில் ஏறியது. அட்டவணையில் ஏறியதும் தூசி உறிஞ்சும் குழாய், முகக்கவசம், டாக்டர் பரிசோதனை என்று கேட்க ஒரு பிடி கிடைத்தது. பிளாஸ்டிக் புகைக்கும் அப்படி ஒரு தலைமுறை இருமித் தீர்த்த பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டுமா?

குமாஸ்தா புத்தியில் எனக்குத் தெரிவது ஒன்று. இந்தக் கடைகள் ஃபைல்களுக்கு நடுவில் விழுந்துவிட்டன. 1948ன் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவு, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர். லேசர் கடையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. ஆகவே அது தொழிற்சாலை இல்லை. பெரிய புகைபோக்கி இல்லாததால் மாசு என்றும் யார் கண்ணிலும் படுவதில்லை. போகிக்கு டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் வேண்டுகோள் விடுக்கிறது. நாமும் தலையாட்டுகிறோம். வருஷத்தில் ஒரு நாள் தெருவில் எரிக்கக் கூடாதது, முந்நூறு நாள் அறைக்குள் எரியலாமா? நெருப்பால் சுட்டால் என்ன, ஒளியால் சுட்டால் என்ன?

பி.வி.சி.யைப் பிரித்து வைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு மதுரையைக் காட்டுவேன். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையை வைத்துத் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, 2018ல் பத்மஸ்ரீ வாங்கினார். சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், பிறகு தார் நன்றாகப் பிடிக்கும். பாலிதீன் பை சேரும், தெர்மோகோல் சேரும். பி.வி.சி. மட்டும் கூடாது என்பது அந்த முறையில் கண்டிப்பான விதி. குப்பையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கிலேயே பிரிக்க முடிகிறதென்றால், காசு கொடுத்து வாங்கும் புதுத் தகட்டில் பிரிக்க முடியாதா?

சோதனையும் பெரிய வித்தை இல்லை. 1872ல் பைல்ஸ்டீன் என்ற வேதியியலார் சொன்ன வழி இன்றும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஒரு செப்புக் கம்பியைக் குறட்டால் பிடித்து, தீயில் நிறம் எதுவும் வராத அளவுக்குக் காய்ச்ச வேண்டும். சூட்டோடு அந்தத் தகட்டின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, லேசரில் வைக்காதே என்று அர்த்தம். வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், இரண்டு நிமிட வேலை. செலவு ஒரு சாண் செப்புக் கம்பி.

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தகடு செய்பவர்கள் அதன் மேல் ஒட்டி வரும் தாளிலேயே என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட வேண்டும். டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் எண் போடுகிறார்களே, பி.வி.சி.க்கு 3 என்று. அது தகட்டிலும் இருக்கட்டும். இரண்டாவது, நகராட்சி கொடுக்கும் தொழில் உரிமத்தில், அதாவது நாம் 'டி அண்டு ஓ' லைசென்ஸ் என்று சொல்வதில், லேசர் கடைக்கு இரண்டு நிபந்தனைகள் சேர்க்க வேண்டும்: பி.வி.சி. வெட்டக் கூடாது, புகைக்குழாய் கூரைக்கு மேல் போக வேண்டும். புதுச் சட்டம், புது அலுவலகம் எதுவும் வேண்டாம். மூன்றாவது, மிஷினில் உட்காருகிறவனுக்கு 'இதை வெட்ட மாட்டேன்' என்று சொல்லும் உரிமை வேண்டும். அதைச் சொன்னதற்காக அவன் வேலை போகக் கூடாது.

சின்னக் கடைக்காரர் தலையில் இவ்வளவு ஏற்றலாமா என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. வங்கிக் கடனில் மிஷின் வாங்கி, மாதத் தவணை கட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.வி.சி. வெட்டினால் லென்ஸும் கண்ணாடியும் கம்பியும் கெட்டு, மிஷின் சீக்கிரம் படுத்துவிடும். ஐம்பது ரூபாய் வேலைக்கு ஆசைப்பட்டு லட்ச ரூபாய் சாமானைக் கெடுப்பது என்ன வியாபாரம்? ரெக்ஸினையும் ஃபோம் ஷீட்டையும் கத்தியாலோ, சுற்றும் ரம்பத்தாலோ வெட்டலாம். அப்போது வருவது தூள்தான், அமில ஆவி வராது. சின்னக் கடைக்குள் விதி போகாது என்பதும் சரியில்லை. 2022 ஜூலை 1 முதல் ஸ்வீட் பெட்டியைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு மத்திய அரசு தடை போட்டது. ஒரு பெட்டியின் மேலுறைக்கே விதி எழுத முடிந்த அரசுக்கு, ஒரு பையனின் மூச்சுக்காக இரண்டு வரி எழுத முடியாதா?

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் சில சொல்ல வேண்டும். தகட்டைப் பார்க்காமல் "இதிலேயே வெட்டிக் கொடு" என்று அடம் பிடிக்காதீர்கள். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் விளிம்பு பளபளப்பாக இருந்தாலும், சட்டென்று சூடேறி ஆறியதில் உள்ளுக்குள் ஒரு இறுக்கம் தங்கியிருக்கும். அதை ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைத்தால் முடி முடியாக விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். வெயில் படும் சுவரில் மாட்டுவதானால் ஆணித் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் பலகை 2 மில்லிமீட்டர் நீளும். இறுக்கி முடுக்கினால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது வெடிக்கத்தான் செய்யும். நினைவுப் பரிசு என்று ஆளுக்கொரு அக்ரிலிக் துண்டு கொடுக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் நெசவுக்கா பஞ்சம்? ஒரு துண்டு போர்த்தினால் அவர் துவட்டிக்கொள்ளவாவது உதவும்.

அடுத்த முறை லேசர் கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன தகடு? புகை எங்கே போகிறது? மிஷினில் இருக்கும் தம்பிக்கு இருமல் உண்டா? நரைத்த தலை கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்துப் பேர் கேட்டால் குழாய் கூரைக்கு ஏறும். நூறு பேர் கேட்டால் நகராட்சியில் ஃபைல் நகரும். ஃபைல் எப்படி நகரும் என்பது முப்பது வருஷத்துக்கு மேல் அதைத் தள்ளியவனுக்குத் தெரியும்.